பின்கண்ணாடி வைப்பரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் வண்டி 2009 மாடல் டீசல் எஸ்யூவி. ஏழு பேர் உட்காரலாம் என்று சொல்லித்தான் வாங்கினோம். ஏழு பேரும் உட்கார்ந்து போனது இரண்டு கல்யாணங்களுக்கு மட்டும். வீடு கொட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மொட்டை மாடியில் கட்டின கொடிக்கம்பியே மூன்று வருஷத்தில் துருவேறி உதிர்கிற இடம். வண்டி மட்டும் எப்படித் தப்பிக்கும்?

பின் வைப்பர் எப்போது நின்றது என்று கேட்டால் பதில் இல்லை. சென்னையில் ஜனவரியில் மழை ஓய்ந்தால் அதற்கப்புறம் அந்த சுவிட்சைத் திருகுகிற வேலையே வராது. நடுவில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்தாலும் முன் வைப்பரைப் போடுவோம், பின்னால் யார் நினைக்கிறார்கள்? போன அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி, நல்ல மழை, அடுக்ககத்தின் தரைக்கீழ் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது சுவிட்சைத் திருகினேன். சத்தமே இல்லை. கண்ணாடி முழுக்கச் சேற்றுத் துளி. யாரோ தூணோரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கும் என் பம்பருக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளிதான் மிச்சம் என்று இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செடான் கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் வண்டியின் பின்கண்ணாடி சாய்வாக இருக்கும். ஓடும்போது காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய் நீரையும் தள்ளிவிடும். எஸ்யூவியின் முதுகு செங்குத்துச் சுவர். வண்டி முன்னே போகப்போக முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகும். சக்கரம் வாரியடிக்கிற சேற்றுத் தண்ணீரையெல்லாம் அது இழுத்துக் கண்ணாடியிலேயே அப்பும். மழை நின்ற பிறகும், சாலை காய்கிற வரைக்கும் அப்படித்தான். ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்பீர்கள். அதன் கண்ணிலும் அதே சேறுதான்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பையன் ஒருவன் ஃப்யூஸைப் பார்த்தான், சுவிட்சைத் திருகிப் பார்த்தான், ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "மோட்டார் போச்சு சார், அசெம்பிளியா மாத்தணும்." அதாவது மோட்டார், பல்சக்கரம், ஷாஃப்ட் எல்லாம் ஒரே பாகமாக. கூலியோடு 6,800 ரூபாய், பாகம் வர பத்து நாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் ஞாயிறு. டிரைவர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டி. பின் வைப்பருக்கு 15 ஆம்பியர், நீல நிறம். கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அடுத்து பின்கதவின் உள்பக்க அட்டை. இதை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் கதவுப் பேட் என்பார்கள். ஒன்பது பிளாஸ்டிக் கிளிப், கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கிற இரண்டு ஸ்குரு. ஸ்குருவைக் கழற்றாமல் இழுத்தால் கைப்பிடி உடையும். எனக்கு அது நல்லவேளையாக முன்பே தெரியும். பழைய பிளாஸ்டிக் என்பதால் கிளிப் இரண்டு 'டப்'பென்று போய்விட்டன.

உள்ளே வைப்பர் மோட்டார் மூன்று போல்ட்டில் தொங்குகிறது. பிளக்கைக் கழற்றி மகளை முன்சீட்டில் உட்காரவைத்தேன். "ஆன் பண்ணட்டுமாப்பா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்வாள், பள்ளியில் லேப் வகுப்பு மாதிரி. ஆன் செய்தாள். மீட்டரில் 12.4 வோல்ட். கறுப்பு எர்த் ஒயரும் சரியாகத்தான் காட்டியது. கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. அப்படியானால் மோட்டார்தானே போயிருக்க வேண்டும்? ஒர்க்‌ஷாப் பையனை மனதுக்குள் திட்டினதற்கு மனதுக்குள்ளேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது ஆறு நாள் கழித்துத் தெரிந்தது.

புது அசெம்பிளிக்குப் பதில் பழையது ஒன்று கிடைத்தால் ஆயிரத்து சொச்சத்தில் முடிக்கலாம் என்று சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். போகாதவர்களுக்கு: எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் ஓரத்தில், பிரித்துப்போட்ட வண்டிகளின் உறுப்புகள் தெருத்தெருவாகக் குவிந்திருக்கும் இடம். ஒரு சந்தில் கதவு மட்டும், இன்னொன்றில் கியர்பாக்ஸ், அடுத்ததில் விளக்கு. நான்கு கடை ஏறி இறங்கினதும் என் மாடலின் பின் வைப்பர் மோட்டார் இரண்டு வைத்திருந்த கடை அகப்பட்டது. பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பழைய பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து முதல் மோட்டாரில் வைத்தார். 'ம்ம்ம்' என்று உறுமியது, அசையவில்லை. ஒயரை உடனே எடுத்துவிட்டு அதை ஓரமாகத் தூக்கிப்போட்டார். "இது ஷாஃப்ட் பிடிச்சது." இரண்டாவது ஓடியது. 1,200 ரூபாய் என்றார்.

பேரம் பேசுகிற சாக்கில், என்னுடையது உறுமக்கூட இல்லை என்று சொல்லிவைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உறுமக்கூட இல்லியா? அப்ப அதுக்குக் கரண்டே போவல சார்."

"இல்லங்க, மீட்டர்ல 12.4 காட்டுது."

"மீட்டர்ல காட்டும். பல்பு போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. 1,200 ரூபாய்க்கு விற்க வேண்டியவர், விற்காமல் என்னைத் திருப்பி அனுப்பினார். வெறுங்கையோடு வர மனம் வராமல், ஓரத்தில் கிடந்த அந்த உறுமல் மோட்டாரோடு வந்திருந்த வைப்பர் கையிலிருந்து பிளாஸ்டிக் மூடியை மட்டும் 20 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். என் வண்டியில் அந்த மூடி எந்த வருஷம் காணாமல் போனதோ தெரியாது.

அவர் சொன்னதன் சூட்சுமம் இதுதான். மீட்டர் வோல்ட் பார்க்கும்போது ஒயரிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போனாலே அதற்குப் போதும், முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடும். மோட்டாருக்கு அப்படி இல்லை, அது ஆம்பியர் கணக்கில் கேட்கும். வழியில் ஒயர் அறுந்து முனைகள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டருக்கு வோல்ட் கிடைக்கும், மோட்டாருக்கு ஒன்றும் கிடைக்காது. குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வருகிற தண்ணீர் மாதிரி: வாய்வைத்துக் குடிக்கலாம், குளிக்க முடியாது.

இரண்டாவது ஞாயிறு. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் ஆக்கினேன். இந்தப் பல்பு பேட்டரியிடமிருந்து சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும், மோட்டார் சாதாரணமாக ஓடும்போது எடுப்பதற்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பிளக்கில் செருகி, ஆன். பல்புக்குள் ஒரு சிவப்பு நூல் மட்டும் தெரிந்தது, ஊதுபத்தி நுனி மாதிரி. பெரியவர் சொன்னது சரி. மோட்டாரின் மேல் இருந்த சந்தேகம் ஒயரின் மேல் போனது.

பின்கதவு வண்டிக்கு உடம்போடு ஒட்டின பாகம் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை திறந்து மூடுகிறோம். கீல் ஓரமாக மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, யானைத் துதிக்கை மாதிரி, அதற்குள்தான் கதவுக்குப் போகிற எல்லா ஒயரும் ஓடுகின்றன. கதவு திறக்கும்போதெல்லாம் அவை மடங்கி நிமிர்கின்றன. பதினைந்து வருஷக் கணக்குப் போட்டால் எந்தச் செம்பும் களைத்துப்போகும். பழைய வண்டியில் பின்கதவுச் சமாசாரம் எது வேலை செய்யாவிட்டாலும், வைப்பரோ, கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் டிஃபாகரோ, நம்பர் பிளேட் விளக்கோ, முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த ரப்பரைத்தான். எனக்கு இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. ஆறு மாதமாகக் கதவை அறைந்து சாத்தினால் நம்பர் பிளேட் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பல்பு தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். துப்பு கண்முன்னால் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

ரப்பரின் இரு முனையையும் பிதுக்கி எடுத்து நடுவில் சுருட்டினேன். ஏழு ஒயர். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். முழுசாக இருக்கிற ஒயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்தது மட்டும் மேலுறையோடு ரப்பர் பேண்ட் போல நீளும். பச்சையில் கறுப்புக் கோடு போட்டது நீண்டது. உறையைக் கீறிப் பார்த்தால் ஓர் இழைகூட முழுதாக இல்லை, களிம்பேறின இரண்டு முனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு ஒயர்களின் உறையும் வெடித்திருந்தது. அதில் ஒன்று நம்பர் பிளேட் விளக்கினுடையது.

இங்கே பலரும் செய்கிற தவறு, அறுந்த இடத்திலேயே முறுக்கி ஈயம் வைத்து டேப் சுற்றுவது. ஈயம் ஏறின இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும். அடுத்த தடவை கதவு மடங்கும்போது அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். நான் மூன்று ஒயரையும் ரப்பருக்கு வெளியே இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் நுண்ணிழை ஒயர், 1.5 சதுர மி.மீ., ஒவ்வொன்றுக்கும் முக்கால் அடி விட்டேன். ஒட்டு எதுவும் மடங்குகிற இடத்தில் இல்லை. மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் குவிந்து புடைக்காமல் முன்பின்னாக வைத்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்கினேன். ஸ்லீவை முதலில் கோத்துக்கொண்டு அப்புறம் ஈயம் வைக்க வேண்டும். மறந்தேன். ஒரு ஒட்டைப் பிரித்து மறுபடி செய்தேன்.

பல்பு இப்போது கண் கூசுகிற மாதிரி எரிந்தது. மோட்டாரில் பிளக்கைச் செருகி, வெளியே வந்து நின்றுகொண்டு, "போடும்மா!" என்றேன். வைப்பர் ஓர் அங்குலம் அசைந்து, 'ம்ம்ம்' என்று உறுமி, அடங்கிவிட்டது. அதே புதுப்பேட்டை உறுமல். நீல ஃப்யூஸின் நடுக்கம்பி கருகியிருந்தது.

ஒரு நோய்க்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்திருக்கிறது. ஒயர் அறுந்திருந்ததால்தான் இத்தனை நாள் ஃப்யூஸ் தப்பியிருந்தது. இந்த இடத்தில் 15-ஐ எடுத்துவிட்டு மஞ்சள் 20-ஐப் போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும். போட்டால் அடுத்து கருகுவது ஒயரோ மோட்டார் சுருளோ. ஃப்யூஸ் 30 ரூபாய்தான். அதன் வேலையே கருகுவது.

சரி, மோட்டாரையே கழற்றிவிடுவோம். வைப்பர் கையைப் பிடித்திருக்கும் 13 எம்எம் நட் சுலபமாக வந்தது, கை வரவில்லை. கை உட்காரும் இடம் ஷாஃப்ட்டில் நுணுக்கமான பல்வரிசை. அதில் உப்பும் துருவும் இறுகி ஒரே உலோகம் ஆகியிருந்தது. ஸ்குரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள், கண்ணாடியோ பெயின்ட்டோ போகும். பேட்டரி டெர்மினல் கழற்றுகிற சின்ன இரண்டு கால் புல்லர் இதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, புல்லரை இறுக்கினால் 'டொக்'. சத்தம் கேட்டுக் கண்ணாடிதான் போனது என்று ஒரு கணம் நினைத்தேன். கைதான் விடுபட்டது. மிச்சம் மூன்று போல்ட்டும் வெளியே ஒரு பெரிய நட்டும். மோட்டார் மடியில் வந்து விழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

மூன்றாவது ஞாயிறு முழுக்க அந்த ஒரு ஷாஃப்ட்டுக்கே போனது.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே சுற்றுவது சாதாரண டிசி மோட்டார். அதன் நுனியில் திருகாணி மாதிரி ஒரு வார்ம். அது நைலான் பல்சக்கரம் ஒன்றை மெதுவாகச் சுற்றுகிறது. சக்கரத்தின் மேல் மையம் விலகி ஒரு முளை; அதிலிருந்து ஒரு சின்ன இணைப்புத் தண்டு, அரைவட்டப் பல்லை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சுற்று இப்படி ஆட்டமாக மாறி வெளியே வைப்பருக்குப் போகிறது. வார்ம் இருப்பதால் வெளியிலிருந்து கையால் ஷாஃப்ட்டைத் திருப்ப முடியாது, நல்ல மோட்டாரிலும் திரும்பாது. கையால் திருகிப் பார்த்து 'பிடித்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திறந்து இணைப்பைக் கழற்றினால்தான் தெரியும்.

ஐந்து ஸ்குருவை எடுத்து மூடியைத் திறந்தேன். கிரீஸ் பழைய மெழுகு போலக் கட்டிக் கிடந்தது. நைலான் பல் எல்லாம் முழுசு. இணைப்புத் தண்டை எடுத்துவிட்டு, பைக் பேட்டரியில் ஒயர் வைத்துப் பார்த்தால் மோட்டார் சமர்த்தாகச் சுற்றியது. மகள் கைதட்டினாள். 6,800 ரூபாய் மோட்டார் இது!

ஷாஃப்ட் எஃகு, அது நுழைந்து நிற்கிற கூடு அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். இந்தச் சேர்க்கையில் அரிக்கப்படுவது அலுமினியம். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகும், பொடி முன்னைவிட அதிக இடம் கேட்கும், இடம் இல்லாத இடத்தில் ஷாஃப்ட்டை நெரிக்கும். தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. மூடி இல்லாத நட்டின் வழியாக இறங்கி, தண்ணீரைத் தடுக்க ஷாஃப்ட்டைச் சுற்றிப் போட்டிருக்கும் ரப்பர் வளையம், விறைத்து வெடித்த அந்த ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே. மாதக்கணக்கில் ஓட்டாமலே விட்டதால் அந்தப் பொடி நிம்மதியாக வளர்ந்திருக்கிறது.

ஷாஃப்ட்டைப் பிடித்திருந்த வெளிப்பக்க ஈ-கிளிப்பையும் வாசரையும் எடுத்தாயிற்று. டபிள்யூடி-40 அடித்து இரண்டு மணி நேரம் விட்டேன். அசையவில்லை. அப்புறம் சூடு. நைலான் சக்கரத்தை முன்பே எடுத்துவிட்டதால் பயமில்லை. மனைவியின் ஹேர் டிரையரால் கூட்டை மட்டும் பத்து நிமிஷம் காய்ச்சினேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஷாஃப்ட் நுனியின் மரையில் பழைய நட்டைத் திருகி, நுனியோடு மட்டமாக நிறுத்தி, மேலே ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டு. நட் இல்லாமல் அடித்தால் மரை நசுங்கி ஷாஃப்ட்டே வீண். தட்டு, காய்ச்சு, எண்ணெய், தட்டு. நான்காவது சுற்றில் ஒரு நூல் இறங்கியது. ஏழாவதில் கையோடு வந்தது. ஹேர் டிரையர் விஷயம் அதற்குள் வீட்டில் தெரிந்துவிட்டது, அது தனிக்கதை.

ஷாஃப்ட்டை 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 800. கூட்டின் துளைக்கு உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி, வெள்ளைப் பொடி போகிற வரை மட்டும். ஆர்வத்தில் அதிகம் தேய்த்தால் துளை பெரிதாகி ஷாஃப்ட் ஆடும், புது ஓ-ரிங்காலும் தண்ணீரைத் தடுக்க முடியாது. ஓ-ரிங்கை ஷாஃப்ட்டோடு எடுத்துப்போய் ஹார்டுவேர் கடையில் போட்டுப் பார்த்தே வாங்கினேன், 10 ரூபாய். ஷாஃப்ட்டுக்கும் பல்லுக்கும் புது எம்.பி. 3 கிரீஸ்.

மூடுவதற்கு முன் ஒன்று. நைலான் சக்கரத்தின் முதுகில் ஒரு பித்தளைத் தடம் பதித்திருக்கிறது, அதன்மேல் மூன்று ஸ்பிரிங் நாக்குகள் உரசும். நாம் சுவிட்சை அணைத்தாலும் வைப்பர் பாதியில் நிற்காமல் ஓரத்துக்குப் போய்ப் படுப்பது இந்தத் தடத்தால்தான்: ஓரம் வரும்வரை மோட்டாருக்கு இன்னொரு ஒயர் வழியே கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஓரம் வந்ததும் வெட்டிவிடும். என்னுடையதில் தடம் கறுத்துப்போயிருந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். இங்கே உப்புத்தாள் வேண்டாம். தடத்தின் மேல் கெட்டி கிரீஸும் வேண்டாம்.

எல்லாம் பூட்டி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக வைத்துப் பார்த்தேன். 1.8 ஆம்பியர். ஃப்யூஸை எரித்த அதே மோட்டார்.

வண்டியில் ஏற்றினபின் கடைசி முட்டாள்தனம் பாக்கி இருந்தது. வைப்பர் கையைப் பழைய அழுக்குக் கோட்டுக்கு நேராக வைத்து நட்டை இறுக்கி ஆன் செய்தேன். கை கண்ணாடியைத் தாண்டிக் கீழே இறங்கிக் கதவுத் தகட்டில் 'பட்'டென்று அறைந்தது. மேசையில் ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் ஏதோ ஒரு நடு இடத்தில் நின்றிருக்கிறது. சரியான வரிசை: முதலில் கை இல்லாமல் ஆன் செய்து, அணைத்து, ஷாஃப்ட் தானாக ஓய்வு நிலைக்குப் போய் நிற்க விட வேண்டும், அப்புறம்தான் கையைப் பொருத்த வேண்டும். பெயின்ட்டில் ஒரு கீறல். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஓஸ் பைப்பால் மகள் தண்ணீர் அடிக்க, வைப்பர் வலதும் இடதுமாக ஆடியது. ரப்பர் பிளேடு வெயிலில் காய்ந்து கிழிந்திருந்ததால் புதிதாக 14 அங்குலத்தில் ஒன்று மாட்டினேன். புதுப்பேட்டை மூடி நட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒயர், ஸ்லீவ், ஃப்யூஸ், ஓ-ரிங், கிரீஸ், பிளேடு, மூடி எல்லாம் சேர்த்து 640 ரூபாய். இப்போதெல்லாம் மழை இருக்கிறதோ இல்லையோ, வண்டி கழுவும்போது கண்ணாடி நனைந்திருக்கையில் ஒரு நிமிஷம் ஓட விடுகிறேன். தூசி படிந்த கண்ணாடியில் நனைக்காமல் ஓட்டினால் கீறும்.

பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் இன்னும் வேலை செய்யவில்லை. பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கதவுப் பேடை மறுபடி கழற்ற வேண்டும். ஒன்பது கிளிப்பில் இப்போது ஏழுதான் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் பின்னால் ஒரு 'கிரீச்'.